தானமாகக் கொடுத்தால் போதாதா?

கேள்வி இதுதான்: "ஒருவர் சேர்த்த பெருஞ்செல்வத்தை அரசு சட்டம் போட்டு எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது திருட்டுதானே? பணக்காரர்கள் மனமுவந்து செய்யும் தானத்தில்தான் அறம் இருக்கிறது. அதை வளர்த்தால் போதாதா?"

நியாயமான கேள்வி. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நம்மிடம் ஒரு பழமொழியே உண்டு. அடுத்தவர் பொருளில் தாராளம் காட்டுகிறவனைப் பார்த்துச் சொன்னது. அரசுகளைப் பார்த்தும் சொல்லலாம், பல நேரம் பொருந்தும். ஆனாலும் நான் உங்களோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. காரணத்தை நிலத்தை வைத்துச் சொல்கிறேன். நான் காவிரிக் கடைமடையில் நிலம் இருந்த வீட்டில் பிறந்தவன். எனக்கு நெருக்கமாகத் தெரிந்த செல்வம் அதுதான். அதோடு, இந்தியாவில் கேட்டு வாங்குவது, சட்டத்தால் எடுப்பது என்ற இரண்டு வழியும் ஒரே தலைமுறைக்குள் நிலத்தின்மீது செய்து பார்க்கப்பட்டன. எது எவ்வளவு தூரம் போனது என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

முதலில் 'சேர்த்த செல்வம்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். கீழத்தஞ்சையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த மிராசுதார் குடும்பங்கள் இருந்தன. அந்த வயல்களைத் திருத்தியவர்களும் வாய்க்கால் வெட்டியவர்களும் நட்டு அறுத்தவர்களும் பண்ணையாட்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள். அடிமை முறையைச் சட்டம் 1843லேயே ஏற்க மறுத்துவிட்டது. ஆனால் தீராத கடன், ஆண்டைக்குச் சொந்தமான மனையில் குடிசை, வேறு எங்கும் போக வழியில்லாத நிலை, இந்த மூன்றும் அதே ஆட்களை அதே வயலில் கட்டிப்போட்டன. சவுக்கடியும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பால் தண்டனையும் 1940கள் வரை நடந்தன. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் கூலியாட்களைச் சங்கமாகத் திரட்டிய பிறகு, 1944ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் அவற்றை நிறுத்த மிராசுதார்கள் சம்மதித்தார்கள். ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்புச் சட்டம் வந்தபோதுதான் பலவந்தம் நிலத்துக்குள் நுழைந்தது என்று பேசுகிறோம். அது வெகுகாலம் முன்பே அங்கே இருந்தது. அதற்கு அப்போது சொத்துரிமை என்று பெயர்.

எல்லாச் செல்வமும் இப்படி வந்ததில்லை. ஒரு நல்ல மருந்தைக் கண்டுபிடித்தவர், நல்ல கம்பெனியைக் கட்டியவர், இவர்கள் யாரையும் சவுக்கால் அடிக்கவில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு கேள்வி; பிறகு வருகிறேன்.

இப்போது தானம். இந்த நாட்டில் யாரும் காந்தியின் சீடரான வினோபா பாவே அளவுக்குத் தானத்தை நம்பியதில்லை, அவர் அளவுக்கு அதைச் சோதித்துப் பார்த்ததும் இல்லை. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவில் போச்சம்பள்ளி என்ற ஊருக்கு அவர் நடந்து வந்தார். அங்கே 40 தலித் குடும்பங்கள் தங்களுக்கு 80 ஏக்கர் நிலம் கிடைத்தால் பிழைத்துக்கொள்வோம் என்றன. அரசுக்கு எழுதலாம் என்று நினைத்தவர், சற்று யோசித்து, கூடியிருந்த ஊர்க்காரர்களைப் பார்த்து, உங்களில் யாராவது கொடுப்பீர்களா என்று கேட்டார். வெதிரே ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். கேட்டதைவிட 20 ஏக்கர் கூடுதல். நிலத்தைத் தானமாகக் கேட்கும் பூதான இயக்கம் அங்கே பிறந்தது.

அதன்பிறகு பதின்மூன்று ஆண்டுகள் அந்த மனிதர் நாட்டை நடந்தே சுற்றினார். உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் என்னை ஆறாவது பிள்ளையாக நினைத்துக்கொண்டு ஆறில் ஒரு பங்கு கொடுங்கள் என்று கேட்டார். தானம் என்றால் பிச்சை போடுவது இல்லை, சமமாகப் பங்கிடுவது என்று அந்தச் சொல்லுக்கே பழைய பொருளை எடுத்துச் சொன்னார். 1956ல் காஞ்சிபுரத்தில் சர்வோதய மாநாடு நடந்தது. அடுத்த ஓராண்டு தமிழ்நாட்டின் கிராமங்களில் நடந்தார். எனக்கு அவர்மேல் ஆழ்ந்த மரியாதை உண்டு. மனிதர்களின் நல்ல பக்கத்தை நம்பி அவ்வளவு தூரம் நடந்தவர் வேறு யார்?

ஆனால் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1957க்குள் 5 கோடி ஏக்கர் என்பது இலக்கு. கிடைத்தது 40 லட்சத்துக்குச் சற்று மேல், அதில் பாதியளவு பிகாரில். அதிலும் கல்லும் காடும் ஆற்றுப்படுகையும் வழக்கில் கிடந்த நிலமும் ஏராளம். கொடுத்த நிலத்தில் பெரும்பங்கு பல ஆண்டுகள் யாருக்கும் பகிரப்படாமலே கிடந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தானத்தின் சிக்கல் முழுக்க அந்தப் பழமொழிக்குள் இருக்கிறது. வாங்குகிறவர் கேள்வி கேட்கக் கூடாது. எந்த நிலம், எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதெல்லாம் கொடுக்கிறவர் முடிவு. மேடையில் அறிவித்துவிட்டுப் பத்திரம் எழுதாமல் விட்டால், நிலமில்லாத கூலி யாரிடம் போய்ச் சண்டை போடுவார்? மறுநாள் காலை அதே வீட்டுக்குத்தானே வேலை கேட்டுப் போக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். போச்சம்பள்ளி சும்மா ஓர் ஊர் இல்லை. 1946 முதல் 1951 வரை தெலங்கானாவில் விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் நடந்தது. ஜமீன்களின் நிலத்தை ஊர் ஊராகக் கைப்பற்றிப் பங்கிட்டார்கள். அடக்க ராணுவம் வந்தது. இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. ராமச்சந்திர ரெட்டி பயத்தில் கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் மனது பெரிய மனதுதான். ஆனால் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற எத்தனையோ பேருக்கு, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது கண்ணெதிரே தெரிந்த ஊர் அது. அந்த நெருக்கடி விலகிய இடங்களில் கொடுக்கும் வேகமும் தணிந்துபோனது. தானத்தையும் கட்டாயத்தையும் எதிரெதிர் துருவங்களாக உங்கள் கேள்வி வைக்கிறது. களத்தில் அவை அப்படிப் பிரிந்து நிற்கவில்லை.

சரி, சட்டம் என்ன செய்தது? இடதுசாரிகளைக் கடுமையாக எதிர்த்த ராஜாஜியின் அரசுதான் 1952ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விளைச்சலில் குத்தகைதாரருக்கு 40 சதவீதம் என்று அது சொன்னது. அதற்கு முன் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. பிறகு 1961ல் நில உச்சவரம்புச் சட்டம்: ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (மண்ணின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்). 1970ல் கருணாநிதி அரசு அதை 15 ஆகக் குறைத்தது. ஓட்டைகளும் கூடவே எழுதப்பட்டிருந்தன: தோட்டப் பயிர், கரும்பு, அறக்கட்டளை, பெண்களின் சீதன நிலத்துக்குத் தனியாக 10 ஏக்கர்.

எங்கள் வீட்டில் அந்த ஓட்டைகள் எப்படிப் பயன்பட்டன என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தாத்தாவிடம் நாற்பது ஏக்கருக்கு மேல் நஞ்சை இருந்தது. உச்சவரம்பு 15 ஆனபோது கொஞ்சம் பாட்டியின் சீதனமாகியது, கொஞ்சம் பிள்ளையார் கோயில் கட்டளையாகியது, மூன்று ஏக்கர் அத்தையின் கணவர் பெயருக்குப் போனது. அவர் அந்த வயலை ஒருநாளும் பார்த்ததில்லை. உழுதது எப்போதும்போல ஒரே குடும்பம், நெல் வந்தது எப்போதும்போல எங்கள் களத்துக்கு. ரெக்கார்டில் நாங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். தாத்தா கெட்டவர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. அன்னதானத்துக்கு முதல் மூட்டை எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். வருடாவருடம் ஊருக்கே சோறு போட்ட கை, சட்டப்படி அந்த உழவருக்குச் சேர வேண்டிய மூன்று ஏக்கரை விடவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. கொடுப்பதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்தது. கொடுக்கும் நிலையை இழப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நாடு முழுவதிலும் இதே கதை. உச்சவரம்புக்கு மேல் எடுத்துப் பகிர்ந்த நிலம், மொத்தச் சாகுபடி நிலத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. சட்டமும் தோற்றது என்று நீங்கள் சொல்லலாம். நான் பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் ஒரு சட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், அதை யாரும் அதிகம் பேசுவதில்லை: 1971ன் குடியிருப்பு மனைச் சட்டம். அதுவரை பண்ணையாளின் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டால் வேலை போவதோடு நிற்காது, குடிசையும் போகும். குடியிருந்த மனையை அந்தக் குடும்பத்துக்கே சொந்தமாக்கியது அந்தச் சட்டம். சில சென்ட் மண்தான். ஆனால் "இங்கிருந்து என்னைக் கிளப்ப முடியாது" என்று சொல்ல முடிந்த பிறகுதான் ஒருவரால் நிமிர்ந்து கூலி பேச முடியும். அன்னதானம் எத்தனை வருடம் நடந்தாலும் அதைக் கொடுத்திருக்காது.

கூலி கேட்டால் என்ன ஆகும் என்பதை அதற்கு மூன்று வருடம் முன்பு கீழத்தஞ்சையின் கீழவெண்மணி கிராமம் பார்த்திருந்தது. அரைப்படி நெல் கூடுதல் கூலி, அதுதான் கோரிக்கை என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, அடைக்கலமாக ஒரே குடிசைக்குள் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ்க் கோர்ட் மிராசுதார்கள் சிலருக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவு வசதியுள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. பெருஞ்செல்வத்தில் அறச் சிக்கல் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஒருவர் நன்றாகச் சாப்பிடுவதிலோ கார் வைத்திருப்பதிலோ எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் கார் கோர்ட்டுக்குள் வந்து அவருக்காகச் சாட்சி சொல்ல முடிகிறதே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெண்மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். இருவரும் வினோபாவோடு நடந்த காந்தியவாதிகள். தானத்தின் எல்லையை உள்ளிருந்தே பார்த்தவர்கள். 1981ல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி என்ற அமைப்பு வேறு வழியில் போனது. விற்க மனமுள்ள மிராசுதார்களைத் தேடிப் போய் விலை பேசுவது, வங்கிக் கடனும் அரசின் தலித் நல நிதியும் பெற்று நிலத்தை வாங்குவது, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பெண்கள் பெயரில் பத்திரம் போடுவது. இப்படிப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் கைமாறியது. 2008ல் ஸ்வீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' விருது இருவருக்கும் கிடைத்தது. பெண்கள் பெயரில் என்ற முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆணின் பெயரில் போன நிலம் அடகுக்கும் சாராயக் கடைக்கும் போனதை ஊரில் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது.

விற்க மனம் எப்படி வந்தது? குத்தகைச் சட்டம், உச்சவரம்பு, சங்கம், மனைப்பட்டா, இவையெல்லாம் சேர்ந்து நிலத்திலிருந்த பழைய அதிகாரத்தை உருவிவிட்டன. வெறும் மண்ணாக மிஞ்சியதை விற்கப் பலருக்குத் தயக்கம் இல்லை. அந்த இருவரின் அன்பும் பிடிவாதமும் இல்லாமல் அந்த நிலம் கைமாறியிருக்காது. சட்டமும் சங்கமும் முன்னால் வந்திராவிட்டால் அவர்கள் வாசலில் நின்று பேசியிருக்கவே முடியாது.

கட்டாயம் என்றால் எதுவும் செய்யலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீனத்தில் 1950ஐ ஒட்டி நடந்த நிலச் சீர்திருத்தத்தில் நிலக்கிழார்களை ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி அவமதித்து, லட்சக்கணக்கானோரைக் கொன்றார்கள். சில ஆண்டுகளில் உழவருக்குக் கொடுத்த நிலத்தையும் கூட்டுப்பண்ணைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதை நான் எந்த விதத்திலும் ஏற்க மாட்டேன். அதே காலத்தில் ஜப்பானில் அரசு நிலத்தை விலைக்கு எடுத்துக் குத்தகைதாரருக்கு விற்றது. பணவீக்கத்தில் அந்த விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போனது வேறு விஷயம். தைவானில் 1953ல் ஏறத்தாழ மூன்று ஹெக்டேருக்கு மேற்பட்ட குத்தகை நிலத்தை எடுத்து, ஈடாக 70 சதவீதம் பத்திரமாகவும் 30 சதவீதம் அரசு கம்பெனிப் பங்காகவும் கொடுத்தார்கள். இரண்டுமே கட்டாயம்தான். ஆனால் சட்டத்தின்படி நடந்தது, ஈடு கொடுத்தது, யாரையும் கொல்லவில்லை. 'கட்டாயம்' என்ற ஒரே சொல்லில் சீனத்தையும் தைவானையும் அடைப்பது சரியில்லை.

எவ்வளவு ஈடு என்பதில் நம் நாட்டில் ஒரு நல்ல வழக்கு உண்டு. சென்னை மாநிலத்தின் 1961 உச்சவரம்புச் சட்டம், நிலம் கூடக்கூட ஏக்கருக்குக் கொடுக்கும் ஈட்டின் விகிதத்தைக் குறைத்தது. அது பாரபட்சம் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி 1964ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்றது. அதே வருடம் 17வது அரசியல் சட்டத் திருத்தம் அதை, சொத்துரிமையைக் காட்டி நீதிமன்றம் ரத்து செய்ய முடியாதபடி காக்கும் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. நீதிமன்றத்தின் தர்க்கம் எனக்குப் புரிகிறது: ஏக்கர் ஏக்கர்தானே, விலை ஏன் மாற வேண்டும்? ஆனால் முதல் ஏக்கரும் நூறாவது ஏக்கரும் ஒருவர் வாழ்க்கையில் ஒரே வேலையைச் செய்வதில்லை. முதல் ஏக்கர் சோறு. நூறாவது ஏக்கர் அடுத்தவர்மேல் இருக்கும் பிடி. முதலாவதை எடுப்பது கொடுமை என்றுதான் நானும் சொல்வேன். நூறாவதை எடுக்கும்போது அதே சொல்லை எப்படிப் பயன்படுத்துவது?

இப்போது மருந்தும் கம்பெனியும். அவர்களிடம் நான் கேட்பது எப்படிச் சம்பாதித்தீர்கள் என்பதைவிட, அந்தப் பணம் அடுத்த தலைமுறையில் என்ன செய்கிறது என்பதை. இந்தியாவில் 1953ல் வந்த வாரிசுச் சொத்து வரி 1985ல் போய்விட்டது, செல்வ வரி 2015ல் போய்விட்டது. இரண்டுமே வசூலில் சொற்பமாகவும் ஓட்டைகள் நிறைந்தும் இருந்தன என்பது உண்மை. எங்கள் தாத்தாவின் கணக்கு மாதிரிதான். இப்போது பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. தானத்துக்கே சட்டம் போட்டிருக்கிறோம், ஆனால் எந்த ஊருக்கு, எந்தப் பணிக்கு என்று தேர்வது பெரும்பாலும் கொடுக்கிறவர்தான். பள்ளி கட்டுகிறார்கள், குளம் தூர் வாருகிறார்கள், நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது உரிமையாக இருக்க வேண்டும், அந்த முதலாளியின் பிறந்தநாளுக்கு வரிசையில் நின்று வாழ்த்துச் சொல்ல வைக்கும் கடனாக இருக்கக் கூடாது. அதனால்தான் வரியையே நான் முதலில் கேட்பேன், தானத்தை அப்புறம்.

அத்தையின் கணவர் பெயரில் போன மூன்று ஏக்கர் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். தாத்தா போன பிறகு, 1990களில், அதை உழுத குடும்பத்துக்கே கொடுத்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். அத்தை வீட்டாரையும் சம்மதிக்க வைத்தார். தானமாகவே எழுதிவிடலாம் என்பது அவர் எண்ணம். அந்த வயலில் முப்பது வருடம் நடவு நட்ட அம்மாள், மகனோடு வந்து திண்ணைக்கு எதிரே நின்றார். அப்பா விஷயத்தைச் சொன்னார்.

"தானம் வேணாங்கய்யா. கிரயமா எழுதுங்க. உங்களால முடிஞ்ச விலை சொல்லுங்க. நாளைக்கு என் பேரப்புள்ளைங்களப் பாத்து, நாங்க போட்டதுன்னு யாரும் சொல்லக் கூடாது."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு சொன்னார். கிரயப் பத்திரம் அந்த அம்மாள் பெயரில் பதிவானது. பாதிப் பணத்தை அன்றே கொடுத்தார்கள். மீதி குறுவைக்கும் தாளடிக்குமாக மூன்று வருடம் வந்தது. கடைசித் தவணையைக் கொண்டுவந்த அன்று அப்பா வீட்டில் இல்லை. பணத்தை என்னிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, ரசீது எழுதித் தரச் சொல்லி, மகனைவிட்டு ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனார்.